கம்பிப்புழு: நடுவதற்கு முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

உருளைக்கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். செடி கடைசி வரை பச்சையாக நின்றிருக்கும், கிழங்கும் நன்றாகத் திரண்டிருக்கும். மண்ணைக் கழுவின பிறகுதான் தோலில் ஓட்டைகள் தெரியும், பென்சில் முனையால் குத்தி எடுத்தது போல. ஒரு கிழங்கை இரண்டாக நறுக்கினால், அந்த ஓட்டை நேராக உள்ளே போய், சதைக்குள் ஒரு மெல்லிய சுரங்கமாக முடிந்திருக்கும். எனக்கு முதல் தடவை இப்படி ஆனபோது நத்தையின் வேலை என்று முடிவுகட்டி, அடுத்த பருவம் முழுக்க நத்தையைத் தேடிப் பிடித்தேன். அந்த அறுவடையிலும் அதே ஓட்டைகள். பாத்தியை ஒரு அடி ஆழம் கிளறிப் பார்த்தபோதுதான் செம்பு நிறத்தில் பளபளவென்று ஒரு புழு கண்ணில் பட்டது. அதுதான் கம்பிப்புழு.

புதிதாகத் தோட்டமோ வயலோ தொடங்குகிறவர்களுக்கு இந்தப் புழுவைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான்: பயிர் வாடிய பிறகு இதற்கு மருந்து தேடுவதில் பெரிய பலன் இல்லை. நடுவதற்கு முன்பே மண்ணில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். எந்தப் பாத்தியில் எதை நடுவது என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில், ஆள் யார்?

கம்பிப்புழு என்பது ஒரு வண்டின் குஞ்சுப் பருவம். அந்த வண்டை மல்லாக்கப் போட்டால் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும், அப்புறம் ‘டிக்’ என்ற சத்தத்தோடு துள்ளி நிமிர்ந்துவிடும். மார்பின் அடியில் இருக்கும் ஒரு சிறு முள், எதிரே உள்ள பள்ளத்துக்குள் படாரென்று விழுவதால் வரும் சத்தம் அது. சில இனங்கள் ஒரு சாண் உயரம்கூடத் துள்ளும். இதனால்தான் சொடுக்கு வண்டு என்று பெயர். எலாடெரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த இந்த வண்டுகளில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 இனங்கள் உண்டு. பயிருக்குக் கெடுதல் செய்பவை அவற்றில் கொஞ்சம்தான். மற்றவற்றின் புழுக்கள் மட்கிய கட்டையில் வாழும், சில மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

வண்டால் தோட்டத்துக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை. பழுப்பாகவோ கறுப்பாகவோ, ஒடுங்கலாக, பகலில் மண்ணாங்கட்டிக்கு அடியில் பதுங்கியிருக்கும். ஈரமும் புல்லும் உள்ள இடமாகப் பார்த்து மண்ணின் மேல்மட்டத்தில் முட்டையிடும். சில வாரங்களில் பொரிந்து வரும் குஞ்சு வெள்ளையாக, 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த வயதில் அதைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். பல இனங்களில் அது மண்ணுக்குள்ளேயே 2 முதல் 5 வருடம் வரை வளர்கிறது. அதன் பிறகு மண்ணில் ஒரு சிறு அறை கட்டிக் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, பெரும்பாலும் அடுத்த வெதுவெதுப்பான பருவத்தில் வெளியே வருகிறது. ஒரு வருடத்திலேயே வளர்ச்சியை முடித்துவிடும் இனங்களும் உண்டு.

அந்த 2 முதல் 5 வருடம் என்பதை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்கள் மண்ணில் இருப்பது ஒரு தலைமுறை அல்ல. போன வருடம் பொரிந்தது, அதற்கு முந்தின வருடத்தது, இந்த வருடம் கூட்டுப்புழுவாகப் போவது என எல்லா வயதும் ஒரே பாத்தியில் கலந்து கிடக்கும். ஒரு தடவை எதையோ தூவிவிட்டு முடிந்தது என்று நினைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

கையில் எடுத்துப் பார்த்து அடையாளம் காண்பது

வளர்ந்த புழு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், சில இனங்களில் இன்னும் கொஞ்சம் அதிகம். மஞ்சளிலிருந்து செம்புப் பழுப்பு வரை நிறம். உடம்பு உருண்டை, வழவழப்பு, முடி மிகக் குறைவு. விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள்: மற்றப் புழு என்றால் நசுங்கும், இது நசுங்காது. ஒரு துண்டுக் கம்பியைப் பிடித்தது போலவே இருக்கும். என்னைக் கேட்டால், புதியவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

அப்புறம் கால்களை எண்ணுங்கள். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி குட்டைக் கால்கள் மட்டும் இருக்கும், அதற்குப் பின்னால் உடம்பெல்லாம் வெறுமை. தலை தட்டையாக, மற்ற உடம்பைவிடக் கருமையாக இருக்கும். போன் கேமராவைப் பெரிதாக்கி வால் முனையையும் பாருங்கள். முனை கூராக முடிந்து, அந்தக் கடைசிக் கணுவின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் கண் போல இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது அக்ரியோட்டஸ் வகை. உருளைக்கிழங்கையும் தானியப் பயிரையும் அதிகம் தாக்கும் கூட்டம் இது. முனை கூராக இல்லாமல் பிளவுபட்டு, நடுவில் ஒரு வெட்டு இருந்தால் வேறு வகைகள். நம் வேலைக்கு இனத்தின் பெயர் கட்டாயமில்லை. ஆனால் விவசாய அலுவலரிடம் காட்டும்போது வாலின் படம் மிகவும் உதவும், அதனால் ஒரு தெளிவான படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மண்ணில் நெளியும் எல்லாவற்றையும் கம்பிப்புழு என்று கொன்றுவிடுகிறார்கள், அதில் நமக்கு வேலை செய்பவையும் போய்விடுகின்றன.

மரவட்டைக்கு உடம்பு நெடுகக் கால்கள், தொட்டால் சுருண்டுகொள்ளும். பூரானுக்கும் உடம்பு நெடுகக் கால் உண்டு, ஆனால் வேகமாக ஓடும். அது மற்றப் பூச்சிகளைத் தின்னும் உயிர், விட்டுவிடுங்கள். வெள்ளையாகத் தடித்து, ஆங்கில ‘சி’ எழுத்துப் போல வளைந்து கிடப்பது வேர்ப்புழு. மென்மையாக, சாம்பல் நிறத்தில், தொட்டால் சுருளுவது வெட்டுப்புழு. காலே இல்லாமல், வெள்ளையாக, இரண்டு முனையும் கூராக, கையில் எடுத்தால் பாம்பு போலத் துடிதுடிப்பது ஒரு வகை ஈயின் புழு. அது கம்பிப்புழுவையே பிடித்துத் தின்னும், அதையும் மறுபடி மண்ணிலேயே விட்டுவிடுங்கள். கடைசியாகப் போலிக் கம்பிப்புழு ஒன்று உண்டு, அசல் போலவே கடினமாக இருக்கும். தலை தட்டையாக இல்லாமல் உருண்டையாக, உணர்கொம்பு நன்றாகத் தெரியும்படி, முன்னங்கால் ஜோடி மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் அது போலி. அதுவும் விதையையும் நாற்றையும் கடிக்கும் என்பதால் பாவம் பார்க்க வேண்டியதில்லை.

பயிரைப் பார்த்துச் சந்தேகப்படுவது

கம்பிப்புழுவின் சேதம் வயல் முழுக்கச் சமமாக இருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும். விதை முளைக்காமல் வரிசையில் இடைவெளி விழுந்தால், அந்த இடத்தில் விதையைத் தோண்டிப் பாருங்கள், உள்ளே தின்னப்பட்டு வெறும் கூடாக இருக்கலாம். மக்காச்சோளம், கோதுமை போன்ற பயிரில் சுற்று இலைகள் பச்சையாக இருக்க, நடுக்குருத்து மட்டும் வாடிப் பழுக்கும். அப்படி ஒரு நாற்றைப் பிடுங்கினால் மண்ணுக்கடியில் தண்டு நார் நாராகக் கடிக்கப்பட்டிருப்பது தெரியும். கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி, உருளை இவற்றில் ஓட்டை. லெட்யூஸ், ஸ்ட்ராபெரி நாற்றுகள் ஒரே நாளில் துவண்டு விழும்.

உருளையில் நத்தையையும் இதையும் பிரித்தறிவது எளிது. நத்தை சின்ன வாசல் வழியாக நுழைந்து உள்ளே பெரிய குகையே பறித்துவிடும். கம்பிப்புழுவின் சுரங்கம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அகலம், 3 மில்லிமீட்டருக்குள். ஓட்டைக்குள் புழு இல்லையே என்று குழம்ப வேண்டாம், தின்றுவிட்டுப் போயிருக்கும். பல நேரம் அதே ஓட்டையில் பிறகு மரவட்டை குடியேறி, பழி அதன் மேல் விழுவதும் உண்டு.

எண்ணிப் பார்ப்பது: இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள்

கம்பிப்புழு கண்ணால் பார்த்து உணவைத் தேடுவதில்லை. வேரும் முளைக்கும் விதையும் வெளிவிடும் கரியமில வாயுவை நுகர்ந்து, அது வரும் திசையில் ஊர்ந்து வருகிறது. இதை வைத்தே நாம் அதை அழைத்து எண்ணலாம்.

எப்போது செய்வது என்பதை மண்ணின் சூடும் ஈரமும் சொல்லும். மண் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் புழு மேலே வந்து தின்னத் தொடங்கும். மண் 25 டிகிரிக்கு மேல் சூடேறினாலோ, காய்ந்துபோனாலோ, கடுங்குளிர் வந்தாலோ ஒரு அடி, சில நேரம் அதற்கும் கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் தோண்டிவிட்டுப் புழுவே இல்லை என்று மகிழ்ந்துபோக வேண்டாம். மிதமான சூடும் ஈரமும் உள்ள நாட்களில், நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு பாருங்கள்.

சிறு தோட்டம் என்றால் உருளைக்கிழங்கோ கேரட்டோ போதும். கிழங்கை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் ஒரு குச்சியைச் செருகி, வெட்டிய பக்கம் மண்ணைத் தொடும்படி 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். குச்சி மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு தேடித் திண்டாடுவீர்கள். ஒரு மீட்டருக்கு ஒன்று வைக்கலாம். மூன்று நாள் கழித்துக் குச்சியைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். கிழங்கின் மேல் ஒட்டியிருப்பதையும், அடியில் உள்ள ஒரு கைப்பிடி மண்ணையும் வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுங்கள். கிழங்கையும் துண்டு துண்டாக நறுக்கிப் பாருங்கள், உள்ளே தலையை நுழைத்து வால் மட்டும் தெரிய ஒன்று இருக்கும்.

வயலுக்குத் தானிய இரை நல்லது. மருந்து கலக்காத மக்காச்சோளமும் கோதுமையும் சம அளவில் எடுத்து ஒரு நாள் முழுக்க ஊற வையுங்கள். மருந்து பூசிய விதை வேண்டவே வேண்டாம், அதைத் தின்று புழு முடங்கிக் கிடந்தால் உங்கள் கணக்கே தப்பாகிவிடும். ஒரு சாண் அகலம், 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி எடுத்து, ஒரு கப் தானியத்தைப் போட்டு மூடி, மேலே மண்ணைக் குவித்து, கறுப்பு பிளாஸ்டிக் தாளால் போர்த்துங்கள். தாள் மண்ணைச் சூடாக்கும், தானியம் சீக்கிரம் முளைக்கும். 10 முதல் 14 நாள் கழித்து முழுக் குழியையும் அள்ளிச் சலித்து எண்ணுங்கள். புழு கூட்டம் கூட்டமாக இருக்கும் என்பதால் குழிகளை ஒரே மூலையில் வைக்காமல், தாழ்வான ஈரப் பகுதி, முன்பு புல் மண்டியிருந்த இடம், வரப்போரம், நடு வயல் எனப் பரவலாக வையுங்கள்.

மக்காச்சோள வயல்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு இது: ஒரு குழிக்குச் சராசரியாக ஒரு புழுவோ அதற்கு மேலோ வந்தால் ஏதாவது நடவடிக்கை தேவை. உருளை, கேரட் நடுகிறவர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அங்கே செடி சாவதில்லை, விளைபொருளிலேயே ஓட்டை விழுகிறது. இரையில் ஒன்றும் வராவிட்டாலும் அது முழு உத்தரவாதம் அல்ல. முக்கியமாக, சமீபத்தில் பசுந்தாளோ புல்லோ உழுது மடக்கிய மண்ணில் எல்லாப் பக்கமும் கரியமில வாயு வந்துகொண்டிருக்கும், உங்கள் இரையை அது மறைத்துவிடும். அப்படிப்பட்ட நிலத்தில் 30 சென்டிமீட்டர் சதுரமாக மண்ணை வெட்டி எடுத்துக் கையால் உதிர்த்துப் பார்ப்பதே மேல்.

எண்ணிக்கையை ஒரு நோட்டில் பாத்தி வரைபடத்தோடு எழுதி வையுங்கள். என் நோட்டில் ஒரு வருடம் வேலியோரத் துண்டில் ஒவ்வொரு கிழங்குக்கும் நான்கைந்து, நடுப்பாத்தியில் ஒன்றுகூட இல்லை. வேலியோரம் முந்தைய வருடம்தான் புல்லைப் பெயர்த்த இடம். உருளையை நடுப்பாத்திக்கு மாற்றி, வேலியோரம் வெங்காயமும் பட்டாணியும் போட்டேன். வேறு எதுவும் செய்யாமலேயே அந்த வருடம் கிழங்கில் ஓட்டை விழுவது வெகுவாகக் குறைந்தது.

இருப்பது தெரிந்துவிட்டது, இனி?

முதல் முடிவு, எதை எங்கே நடுவது என்பது. புல்தரையையோ பல வருடம் தரிசாகக் கிடந்த நிலத்தையோ புதிதாக உழுதால் உடனே அங்கே கிழங்கு வகை போடாதீர்கள். இதில் பலர் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. முதல் வருடம் புழுக்கள் மண்ணுக்குள் மடங்கிய புல்லைத் தின்றுகொண்டு பயிரைப் பெரிதாகத் தொடாது. நமக்குத் தைரியம் வந்துவிடும். இரண்டாம் வருடம் புல் மட்கித் தீர்ந்ததும் எல்லாம் பயிருக்குத் திரும்பும். அதனால் முதல் இரண்டு மூன்று வருடம் பட்டாணி, பீன்ஸ், வெங்காயம், முட்டைக்கோஸ் வகை போன்று ஓரளவு தாங்கும் பயிர்களைப் போடுவது புத்திசாலித்தனம். புல் வகைக் களைகளையும் விடாமல் எடுத்துவிடுங்கள். வண்டுக்கு முட்டையிட இடம் கொடுப்பதே அவைதான்.

அடுத்தது மண்ணைக் கிளறுவது. முட்டையும் இளம்புழுவும் மண் காய்ந்துபோவதைத் தாங்காது, கூட்டுப்புழு அறை உடைந்தால் பிழைக்காது. பயிர் இல்லாத நேரத்தில், அதுவும் கோடையின் பிற்பகுதியில் கூட்டுப்புழுக்கள் இருக்கும் நாட்களில், மேல் மண்ணை இரண்டு மூன்று தடவை புரட்டிப் போட்டால் வெயிலும் பறவைகளும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். காகமும் மைனாவும் உழவுக்குப் பின்னாலேயே வருவது சும்மா இல்லை. கோழி இருந்தால் அந்த நாட்களில் பாத்திக்குள் விடுங்கள். ஆனால் மண்ணைப் புரட்டுவதால் மண்புழுவும் மண்ணின் கட்டமைப்பும் பாதிக்கும் என்பதையும் நினைவில் வைத்து, புழு அதிகமுள்ள துண்டுகளில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

சிறு தோட்டத்தில் நான் அதிகம் நம்புவது இரை வைத்துப் பிடிப்பதைத்தான். எண்ண வைத்த அதே கிழங்குத் துண்டுகளை நடவுக்கு முன்பும் நட்ட பிறகும் வரிசைகளுக்கு இடையே வைத்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை எடுத்து, புழுக்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அழுகும் வரை கிழங்கை மண்ணிலேயே மறந்துவிட்டால் புழுவுக்கு நாமே சோறு போட்டது போலாகும். இதையே கொஞ்சம் பெரிய அளவில் செய்ய விரும்பினால், முதன்மைப் பயிருக்கு ஒரு வாரம் முன்பு வரிசைகளுக்கு நடுவே கோதுமையை அடர்த்தியாக விதைக்கலாம். ஸ்ட்ராபெரியில் இந்த முறை நன்றாக வேலை செய்திருக்கிறது. புழுக்கள் கோதுமை வேருக்கு ஓடும், நாற்று தப்பிக்கும். பிறகு அந்தக் கோதுமையை மண்ணோடு தோண்டி எடுத்துவிடலாம்.

கடுகைப் பசுந்தாளாக வளர்த்து மடக்குவது இன்னொரு வழி. பழுப்புக் கடுகைப் பூக்கும் சமயத்தில் பொடியாக நறுக்கி, காய விடாமல் உடனே மண்ணில் புதைத்து ஈரப்படுத்தினால், கடுகுக்குக் காரம் தரும் அதே பொருள் ஆவியாகி மண்ணில் பரவும், புழுவுக்கு அது ஆகாது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் உருளைக்கு முந்தைய பருவங்களில் பழுப்புக் கடுகும் பக்வீட் என்ற தானியப் பயிரும் போட்டுச் சேதத்தைக் குறைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே பலன் வருவதில்லை, அதனால் இதை மட்டும் நம்பி உருளை போடாதீர்கள். கடுகை மடக்கிய பிறகு இரண்டு வாரமாவது விட்டு விதையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் விதையின் முளைப்பே பாதிக்கும்.

அதே தீவில் கனடாவின் வேளாண் துறையைச் சேர்ந்த கிறிஸ்டின் நொரோன்ஹா, வண்டைப் பிடிக்க ஓர் எளிய பொறியை வடிவமைத்தார். தோட்டத்தில் செருகும் சூரிய ஒளி விளக்கு, அதன் கீழே மண்மட்டத்தில் ஒரு கோப்பை. வெளிச்சத்துக்கு வரும் வண்டு கோப்பையில் விழுகிறது. முட்டையிடும் முன்பே தாயைப் பிடித்துவிடலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

வெதுவெதுப்பான பருவத்தில் வயலைப் பல வாரம் தண்ணீரில் மூழ்க வைப்பதும் புழுவைக் கொல்லும். ஃபுளோரிடாவின் கரும்பு நிலங்களில் இது வழக்கம். வசதி இருந்தால் மட்டும் யோசியுங்கள், குளிரில் மூழ்க வைத்தால் பலன் குறைவு.

உயிரிக் கட்டுப்பாட்டைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். மெட்டாரைசியம் என்ற பூஞ்சை கம்பிப்புழுவைத் தாக்கும். அதனால் செத்த புழு விறைத்து, மேலே பச்சைத் தூள் படிந்திருக்கும். மண்ணில் ஈரம் வேண்டும், மிதமான சூடு வேண்டும், பல வாரம் பொறுமை வேண்டும். பூச்சியின் உடம்புக்குள் புகுந்து கொல்லும் நுண்ணிய நூற்புழுக்கள் மற்றப் புழுக்களிடம் காட்டும் வேகத்தை இதனிடம் காட்டுவதில்லை, தோல் அவ்வளவு கடினம். வாங்குவதற்கு முன் கம்பிப்புழுவுக்கு என்றே அந்தப் பொருளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரசாயன மருந்து

ஒரு காலத்தில் லிண்டேன் என்ற பூச்சிமருந்துதான் எல்லோருக்கும் கைமருந்து. மண்ணிலும் உடம்பிலும் நீண்ட காலம் தங்கும் நஞ்சு என்பதால் 2009இல், இப்படிப்பட்ட நஞ்சுகளை ஒழிக்க உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய டப்பா எங்காவது கிடந்தால் தொடாதீர்கள். அதற்குப் பிறகு வந்த இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு விதை நேர்த்தி மருந்துகளில் ஒரு சிக்கல் உண்டு. விதையைக் கடித்த புழு பெரும்பாலும் சாவதில்லை, வாரக்கணக்கில் மயங்கிக் கிடந்து பிறகு தேறிவிடும். நாற்று பிழைத்துவிடும், ஆனால் மண்ணில் புழுவின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். வருடா வருடம் அதே மருந்தைப் போட்டவர்களுக்குப் புழு பெருகிக்கொண்டே போன காரணம் இது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் மூன்று மருந்துகளின் திறந்தவெளிப் பயன்பாட்டை 2018இல் தடை செய்தது, தேனீக்களுக்கு ஆபத்து என்பதால். புரோஃபிளானிலைடு என்ற புதிய மருந்து கம்பிப்புழுவை உண்மையிலேயே கொல்கிறது, சில நாடுகளில் அதற்கு அனுமதியும் உண்டு. எதுவாக இருந்தாலும் உங்கள் நாட்டில், உங்கள் பயிருக்கு அனுமதி இருக்கிறதா என்று லேபிளைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு இதில் எதுவும் தேவைப்படாது என்பது என் கருத்து. உப்பு, மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு, கேட்காதீர்கள். கெடுவது உங்கள் மண்தான்.

நட்ட பிறகும் அறுவடையிலும்

மண் நன்றாகச் சூடேறிய பிறகு விதைத்தால் முளைப்பு வேகமாக இருக்கும், புழுவின் வாயில் மாட்டும் நாட்கள் குறையும். சந்தேகமுள்ள துண்டில் நேரடி விதைப்பைவிடக் கொஞ்சம் முதிர்ந்த நாற்றை நடுவது பாதுகாப்பு. மேட்டுப்பாத்திக்கு மண் கொண்டுவரும்போது அது புல் பெயர்த்த மண்ணா என்று கேளுங்கள். புல்கட்டிகளை அடுக்கி மட்க வைத்த உரத்திலும் புழு உயிரோடு வந்து சேரும்.

உருளையில் அறுவடை நாள் மிக முக்கியம். செடி காய்ந்த பிறகும் கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்தால் ஒவ்வொரு வாரமும் ஓட்டை கூடிக்கொண்டே போகும். சீக்கிரம் முதிரும் ரகமாகத் தேர்ந்தெடுத்து, தோல் கெட்டியானவுடன் எடுத்துவிடுங்கள். ஓட்டை விழுந்த கிழங்கைத் தனியாகப் பிரித்து, பழுதை வெட்டி எறிந்துவிட்டு முதலில் சமைத்துவிடுங்கள். அதைச் சேமிப்பில் வைத்தால் ஓட்டை வழியாக அழுகல் நுழையும். பிரிக்கும்போதே எந்தப் பாத்தியிலிருந்து எத்தனை ஓட்டைக் கிழங்கு வந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் இரையை முதலில் எங்கே புதைப்பது என்று அதுவே காட்டிவிடும்.